ஓய்வு வங்கியின் பெருஞ்சேமிப்பாளர்

தென்படுகை அரிசி உற்பத்தி நிறுவனத்தில் தொழிலாளிக்கு ஓய்வே இல்லை என்று யாராவது சொன்னால் அவன் நாக்கு அழுகிப்போகும். அங்கே ஓய்வு மூட்டை மூட்டையாக இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை.

நிறுவனத்தின் ஆலை நன்னிலத்துக்கு அப்பால் ஆற்றங்கரை ரோட்டில் இருக்கிறது. தலைமை அலுவலகம் தஞ்சாவூரில். ஆலையின் பாய்லர் ஆபரேட்டர் பெரியநாயகசாமிக்கு வயது நாற்பத்தொன்பது. உமி போட்டு நெருப்பை வளர்த்து, தொட்டியில் ஊறின நெல்லுக்கு ஆவி கொடுத்து அவிப்பது அவர் வேலை. புழுங்கலரிசிச் சோறு தின்கிற பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஊறின நெல் யாருக்காகவும் காத்திருக்காது. ஷிப்டு முடிந்துவிட்டது என்று ஆபரேட்டர் வீட்டுக்குக் கிளம்பினால் அது தொட்டியிலேயே புளித்து நாறிவிடும். ஆகவே எட்டு மணி நேர வேலை பத்தாகும், பன்னிரண்டாகும். இன்னொரு ஆபரேட்டர் இடம் ஆறு வருஷமாகக் காலி. அதை நிரப்பவேண்டிய ஃபைலும் எங்கேயோ ஊறிக்கொண்டுதான் இருந்தது. ஃபைல் புளித்தால் நாற்றம் வருவதில்லை என்பதால் யாரும் அவசரப்படவில்லை.

கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். ஒரு காலத்தில் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்பு பொது மேலாளராக வந்த அறிவுச்செல்வனுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. தொழிலாளர் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். ரிப்பன் வெட்டி, குத்துவிளக்கேற்றி, ‘ஓய்வு வங்கி’ என்று ஒன்றைத் திறந்துவைத்தார். இனிமேல் கூடுதல் மணிக்குப் பணம் கிடையாது, மணிகள் அப்படியே வங்கியில் சேரும், வேண்டும்போது விடுப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு பச்சை அட்டைப் பாஸ்புத்தகமும் கொடுத்தார்கள்.

“பணமாக் குடுத்தா நாளைக்கே செலவழிச்சிடுவீங்க,” என்று பேசினார் பொது மேலாளர். “ஓய்வாக் குடுத்தா அதையும் செலவழிச்சிடுவீங்க. அதனாலதான் அதை நாங்களே வச்சிருக்கோம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பணம்தான் வேண்டும் என்பவர்களையும் நிறுவனம் தடுக்கவில்லை. ‘நிறுவனத்தின் நலனைவிட என் சொந்தப் பணத்தையே பெரிதாக மதிக்கிறேன்’ என்று மூன்று பிரதி எழுதி, மேலாளர் முன்னிலையில் உரக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். எட்டு வருஷத்தில் எடைமேடை ஷேக் பரீத் ஒருவர்தான் அப்படிப் படித்தார். அடுத்த வாரமே அவரை எடைமேடையே இல்லாத கிடங்குக்கு எடை போட மாற்றினார்கள்.

பெரியநாயகசாமி எதையும் படிக்கவில்லை. அவர் பாஸ்புத்தகத்தில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மணி சேர்ந்திருந்தது. எட்டால் வகுத்தால் முந்நூற்று அறுபத்து நான்கு நாள். ஒரு முழு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து மனைவி விண்ணரசியிடம் காட்டுவார். அவளும் நகைச்சீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் பீரோவில் வைப்பாள்.

சம்பா நெல் ஆலைக்கு வந்து குவிகிற தை மாதத்தில் விண்ணரசிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. நல்ல கட்டி இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கவேண்டும் என்றார்கள். சனி, ஞாயிறு நீங்கலாகத் தினமும் போகவேண்டும், நடுவில் விடக்கூடாது, தலைசுற்றும், வாந்தி வரும், கூட ஆள் இல்லாமல் வரவே கூடாது என்று டாக்டரம்மா விரலை நீட்டிச் சொல்லிவிட்டார். கூட வர யார் இருக்கிறார்கள்? ஒரே மகள் ஆஷ்லின் ஹைதராபாத்தில் நர்ஸ். ஊரார் மனைவிகளுக்கெல்லாம் கூட இருந்து பார்த்துக்கொள்கிற அவளுக்குத் தாயைப் பார்க்க லீவு இல்லை.

பெரியநாயகசாமி கலங்கவில்லை. பாஸ்புத்தகம் இருக்கிறதே. எட்டு வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்றதெல்லாம் இதற்குத்தான் போல என்று நினைத்தார். பாவம், அப்படித்தான் நினைத்தார்.

ஆலை மேலாளர் தமிழ்மாறன் விண்ணப்பத்தை வாங்கிப் படித்துக் கண்கலங்கினார். இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டியில் நெல் ஊறாத நாளாகப் பார்த்து எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நெல் ஊறாத நாள் எது என்று கேட்டார் பெரியநாயகசாமி. வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரை நிறுத்தி இன்ஸ்பெக்டர் சோதிக்கிற பத்து நாள் என்றார் மேலாளர்.

“அந்தப் பத்து நாளும் ஆபரேட்டர் கூடவே இருக்கணும்னு விதி இருக்கே சார்.”

“ஆமா, இருக்கணும்,” என்றார் தமிழ்மாறன். “பாருங்க சாமி, நீங்க இல்லாம இங்க எதுவுமே நடக்காது. இந்தப் பெருமை யாருக்குக் கிடைக்கும்?”

பெருமையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மிச்சமிருந்த தற்செயல் விடுப்பு ஐந்து நாள். அதில்தான் முதல் ஐந்து நாள் சிகிச்சை நடந்தது. நான்காம் நாள், விண்ணரசியை ஆஸ்பத்திரி பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த தலைமை அலுவலகத்துக்கு ஓடினார்.

ஓய்வு வங்கிப் பிரிவு பூட்டியிருந்தது. அதன் அதிகாரி நீலாம்பாள் மேடத்துக்கு இன்னும் மூன்று பிரிவுகளின் பொறுப்பும் இருந்ததால், ஓய்வுப் பிரிவில் உட்கார அவருக்கு நேரம் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் பாஸ்புத்தகத்திலும் நாலாயிரம் மணி இருப்பதாகப் பிறகு பியூன் சொன்னார்.

விண்ணப்பத்தில் ‘மனைவியின் சிகிச்சைக்கு உடன் செல்ல’ என்று எழுதியிருந்ததை மேடம் பேனாவால் சுழித்தார். இது ஓய்வு வங்கி, இதில் இருப்பது ஓய்வு, ஓய்வை ஓய்வுக்காக மட்டுமே எடுக்கலாம் என்று விளக்கினார். ஆஸ்பத்திரியில் நிற்பது ஓய்வா, பஸ்ஸில் தொங்குவது ஓய்வா என்று அவர் கேட்டதற்குப் பெரியநாயகசாமியால் ஆமென்று சொல்ல முடியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். சரி, அந்த மணிகளையெல்லாம் பழையபடி பணமாகவாவது கொடுங்கள், கார் பிடித்து ஒரு ஆளையும் கூலிக்கு அமர்த்தி அனுப்புகிறேன் என்று கேட்டார். அலுவலகச் சுவரில் ‘காலம் விலைமதிப்பற்றது’ என்று பெரிதாக எழுதியிருந்ததை மேடம் காட்டினார். விலையே இல்லாததற்கு எப்படிப் பணம் கொடுப்பது?

ஆனாலும் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். நாள் முழுக்க என்ன செய்யப்போகிறார் என்று மணிவாரியாக ஓர் ஓய்வுத் திட்டம் எழுதித் தந்தால், அதில் ஓய்வு இருந்தால், அனுமதிக்கலாம்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். காலை ஐந்து பத்துக்கு நன்னிலம் பஸ். கும்பகோணத்தில் வண்டி மாறுதல். எட்டேகால் தஞ்சாவூர். டோக்கன், வரிசை, கரண்டு, வாந்தி எடுத்தால் துடைத்தல், பன்னிரண்டே காலுக்கு மரத்தடியில் அரை மணி உட்காருதல், மறுபடி பஸ், நாலரைக்கு வீடு, கஞ்சி வைத்தல், துணி அலசுதல். மேடம் சிவப்புப் பென்சிலோடு தேடிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். உண்மையிலேயே மகிழ்ந்தார்.

“இருக்கே. மரத்தடியில அரை மணி நேரம்.”

மறுநாள் உத்தரவு வந்தது. நாளொன்றுக்கு அரை மணி வீதம் இருபத்தைந்து நாளுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஓய்வு அனுமதிக்கப்படுகிறது. அதைத் தஞ்சாவூர் மரத்தடியில் பகல் 12.15 முதல் 12.45 வரை துய்க்கவேண்டும். மற்ற நேரங்களில் நன்னிலம் ஆலையில் பணியில் இருக்கவேண்டும்.

ஓய்வு வங்கியின் வரலாற்றில் முதல் அனுமதி இதுதான் என்று தமிழ்மாறன் கைகுலுக்கினார். பெரியநாயகசாமி உத்தரவை இரண்டு தடவை படித்தார். சிரிப்பு வரவில்லை.

ஆறாம் நாளுக்குப் பக்கத்து வீட்டுத் தஹ்மீனா கூடப் போனாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், எத்தனை நாள் போவாள்? அடுத்த நாள் விண்ணரசி தனியே கிளம்பினாள். எனக்கொன்றும் இல்லை, நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று தைரியம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறுமுன் சுருண்டு விழுந்தாள். பூ விற்கிற பெண் ஒருத்தி சோடா வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் திருப்பி அனுப்பினாள். அன்றைய கரண்டு போயிற்று. போனில் டாக்டரம்மா சத்தமே போடவில்லை. இன்னும் இரண்டு நாள் இப்படி விட்டால் இதுவரை பட்ட கஷ்டமெல்லாம் வீண், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

பாய்லர் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது. ஆகவே இதெல்லாம் பெரியநாயகசாமிக்குத் தெரிந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. விழுந்தடித்து வீட்டுக்கு ஓடப் போனவரை வாசலில் மறித்து மேடையில் ஏற்றினார்கள். அன்றைக்கு ஆலை முற்றத்தில் ஓய்வு வங்கியின் எட்டாம் ஆண்டு விழா. ஷிப்டு முடிந்தபின் எல்லாரும் கட்டாயம் இருக்கவேண்டும், இருக்கும் நேரமும் வங்கியில் சேரும் என்று சுற்றறிக்கை. தொழிலாளர்களில் அதிக மணி சேர்த்ததற்காகப் பெரியநாயகசாமிக்குப் ‘பெருஞ்சேமிப்பாளர்’ பட்டம். பொது மேலாளர் அறிவுச்செல்வன் தன் கையால் சால்வை போர்த்தினார்.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

“சால்வை வேண்டாம் சார். எனக்குப் பத்தொன்பது நாள் லீவு குடுங்க. என் பொண்டாட்டி இன்னைக்கு ரோட்டுல விழுந்து கெடந்திருக்கா. நான் சேர்த்து வச்சதுலேருந்துதான் கேக்குறேன்.”

பொது மேலாளர் பதறவில்லை. மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“இவரோட வேதனை என் வேதனை,” என்றார். “ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த வங்கியோட பலமே இவர்தான். இவர் எடுத்தா நாளைக்கு நீங்களும் எடுப்பீங்க. எல்லாரும் போட்டதை எல்லாரும் எடுத்தா வங்கியில என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. உங்க ஓய்வை உங்ககிட்டேயிருந்து காப்பாத்துறதுதான் எங்க வேலை.”

பிறகு நாட்டுப்பண். பிறகு காராசேவு.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்குப் பெரியநாயகசாமி ஆலைக்குள் போனார். மூன்று தொட்டியிலும் இருபத்து நாலு டன் நெல் ஊறித் தளதளவென்று இருந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பதம் சரியாக இருந்தது. இப்போது நெருப்பு வைத்தால் பத்து மணிக்குள் அவித்துவிடலாம். யாரோ சேற்றில் நின்று விளைவித்த நெல். அதைக் கெடவிடுவது பாவம் என்று அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு படி கெடவிட்டதில்லை. பாய்லர் சாவியை ஆணியில் மாட்டினார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்து, விண்ணரசியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கும்பகோணம் வரை அழுதுகொண்டே போனார். லீவு கிடைத்த சந்தோஷம் போல என்று அவள் நினைத்தாள். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

சாயந்திரத்துக்குள் நெல் புளித்துவிட்டது. நாற்றம் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. அன்றே உத்தரவு பறந்து வந்தது. பெரியநாயகசாமி பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார். பிழைப்பூதியமாகப் பாதிச் சம்பளம் பெறுவார். விசாரணை முடியும்வரை ஆலைப் பக்கம் வரக்கூடாது. நாள்தோறும் காலை பத்தரை மணிக்குத் தஞ்சாவூர் தலைமை அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும்.

எட்டு வருஷ உழைப்புக்குக் கிடைக்காதது ஒரு நாள் குற்றத்துக்குக் கிடைத்தது. பாதிச் சம்பளத்தோடு லீவு, அதுவும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. தண்டனை கொடுத்தவர்களுக்கு இது தெரியாது. பெரியநாயகசாமி தினமும் விண்ணரசியை வரிசையில் உட்காரவைத்துவிட்டு, ஓடிப்போய்க் குற்றவாளிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் பெயரைக் கூப்பிடுமுன் திரும்பி வந்துவிடுவார். லீவில் இருப்பவர்கள் எதற்குக் கையெழுத்துப் போடவேண்டும் என்று அவள் கேட்டபோது, ஓய்வு நன்றாக நடக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றார். அந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியவில்லை. இப்படிப் பதின்மூன்று நாள் போயிற்று. பத்தொன்பது கரண்டு முடிந்தது. இன்னும் ஆறு.

அந்த நேரம் பார்த்து நிறுவனத்துக்குக் கருணை பிறந்தது.

காரணம் அரசப்பன். பெரியநாயகசாமிக்குப் பதிலாகக் கும்பகோணத்துத் தனியார் மில்லிலிருந்து கொண்டுவந்த ஆபரேட்டர். இருபத்தைந்து நாளுக்கு மாற்று ஆளே இல்லை என்று சொன்ன நிறுவனத்துக்கு ஒரே நாளில் கிடைத்த ஆள். அரசப்பன் பாஸ்புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றாடம் கையில் காசு வாங்கிக்கொண்டார். எட்டு மணி நேரம் ஆனதும், ஊறின நெல் ஊறின மேனிக்கு இருக்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம் என்றார். ஓய்வு வங்கியைப் பற்றிப் பொது மேலாளரே போனில் விளக்கியும் அவருக்குப் புரியவில்லை. ஆகவே பெரியநாயகசாமியின் குடும்பச் சூழ்நிலையைக் கருதி, பணியிடை நீக்கம் ரத்து செய்யப்பட்டது. நாளை காலை ஆறு மணிக்கு ஆலையில் இருக்கவேண்டும்.

நீலாம்பாள் மேடம் நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு உத்தரவை நீட்டினார். பெரியநாயகசாமி அதைக் கையால் தொடவில்லை.

“மேடம், சஸ்பெண்டை எடுத்துடாதீங்க. இன்னும் ஆறு நாளைக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

இப்படி ஒரு கோரிக்கைக்கு முன்னுதாரணம் இல்லை. பொது மேலாளர் அறைக்கே கூட்டிப்போனார்கள். அறிவுச்செல்வன் நிதானமாக யோசித்தார்.

“தண்டனை வேணும்னு நீங்களே கேட்டா அது தண்டனை இல்ல, சலுகை. சலுகை வேணும்னா ஓய்வு வங்கி வழியாத்தான் வரணும். அது முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.”

அப்படியானால் தண்டனையை நீட்டிக்க வழியே இல்லையா என்று கேட்டார் பெரியநாயகசாமி. புதிதாக ஏதாவது பெரிய குற்றம் வெளிப்பட்டால் நீட்டிக்கலாம் என்று விதியைப் பார்த்துச் சொன்னார் மேடம். சாக்கு எடுத்திருக்கிறாரா, உமி விற்றிருக்கிறாரா, யாரையாவது அடித்திருக்கிறாரா என்று பரிவோடு ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, நல்லவனாக இருந்ததற்கு வெட்கப்பட்டார். ஒரு சாக்காவது எடுத்திருக்கக்கூடாதா?

அப்போதுதான் பொது மேலாளருக்கு அந்த யோசனை தோன்றிற்று. எட்டு மணி நேரத்தில் முடியவேண்டிய வேலையைப் பெரியநாயகசாமி வேண்டுமென்றே மெதுவாகச் செய்து, பன்னிரண்டு மணியாக்கி, அந்த மணிகளை வங்கியில் போட்டுக்கொண்டார் என்று ஒப்புக்கொண்டால் அது மோசடி. மிகப் பெரிய குற்றம். பத்து நாள்கூட நீட்டிக்கலாம். அப்புறம் பெருந்தன்மையாக மன்னித்து வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். மோசடியாகச் சேர்த்த மணிகள் மட்டும் ரத்தாகும்.

“எவ்வளவு சார் ரத்தாகும்?”

“எல்லாமே,” என்றார் அறிவுச்செல்வன். “வங்கியோட சுமையும் குறையும்.”

வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன. மேடம் சொல்லச் சொல்ல எழுதினார். ‘மெதுவாக வேலை செய்து நிறுவனத்தை ஏமாற்றினேன்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் உமிச் சூட்டில் வெந்த கை அது. ரோட்டில் விழுந்துகிடந்தவளை நினைத்துக்கொண்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஓடினார். அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மீதி ஆறு நாளும் ஒன்று விடாமல் நடந்தன. கடைசி நாள் டாக்டரம்மா விண்ணரசியின் தோளைத் தட்டி, மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி, நன்றாக வந்திருக்கிறது என்றார். பெரியநாயகசாமிக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. லீவு கொடுத்த மகராசன்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது என்று நின்றாள். அவர் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அது மரியாதை இல்லை என்று அவளே முன்னால் நடந்தாள். வழியில் அரைக் கிலோ லட்டும் வாங்கிக்கொண்டாள்.

பொது மேலாளர் அறையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மெலிந்துபோன தோளில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எழுந்து நின்று கைகூப்பினாள்.

“நீங்க இவருக்கு லீவு குடுக்கலன்னா நான் பொழச்சிருக்க மாட்டேன் சார்.”

நீலாம்பாள் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறிவுச்செல்வன் லட்டுப் பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அதுக்குத்தாம்மா நாங்க இருக்கோம்,” என்றார்.

விண்ணரசி கணவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, இன்னும் அவர் கணக்கில் மிச்சம் எவ்வளவு இருக்கும் சார் என்று கேட்டாள். வேளாங்கண்ணிக்கு ஒருநாள் போய்விட்டு வரவேண்டும், வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

“நிறைய இருக்கும்மா,” என்றார் பொது மேலாளர். “எட்டு வருஷமா சேர்த்து வச்சிருக்காரே.”

அவள் சிரித்தாள். படியிறங்கும்போது கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கிழமை போகலாங்க என்று கேட்டாள். நீயே ஒரு நாள் பார்த்துச் சொல் என்றார் அவர்.